வானவழியும் வண்டிவழியும்

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் ஒருவரைப் பார்த்து, “உங்கள் ஊர் இங்கிருந்து எவ்வளவு தொலைவு?” என்று எவரேனும் வினவினால், அவர் மைல் கணக்கைச் சொல்வது அரிது. “ஓர் இரவுப் பயணம்” என்பார். “மாலையில் வண்டி ஏறினால் விடியற்காலையில் இறங்கிவிடலாம்” என்பார். தொலைவைக் கேட்டவருக்கு நேரத்தை விடையாகத் தருவது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். இவ்வழக்கத்தின் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. அதனை அறிந்துகொள்ளப் பேத்தமங்களா என்னும் ஊர் நமக்குத் துணை செய்யும்.

பேத்தமங்களா, கருநாடக மாநிலத்தில், கோலார் தங்கவயலுக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் பாலாற்றங்கரையில் அமைந்த ஊர். விசயாதித்தமங்கலம் என்பது அதன் பழம்பெயர். நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு இவ்வூரின் பெரிய ஏரியை நிரப்பிவிட்டு, ஆந்திர எல்லையைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. ஆற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் கருநாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. நீர் மேட்டிலிருந்து தமிழகத்திற்கு இறங்கிற்று. தமிழ் மக்களோ அதே ஆற்றுவெளியிலிருந்து மேட்டுக்கு ஏறி வந்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து தங்கச் சுரங்கங்களில் உழைத்த அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்கவயலில் வாழ்கின்றனர்.

இனி ஒரு தேசப்படத்தை விரித்து வைத்துக்கொள்வோம். பெங்களூரின் பழைய விமான நிலையம், அதாவது இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை ஒட்டிய நிலையம், ஏறக்குறைய 12 பாகை 57 கலை அட்சரேகையில் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் 12 பாகை 59 கலையை ஒட்டியிருக்கிறது. இவ்விரண்டையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தால், அக்கோடு தங்கவயலின் மீதே செல்கிறது. பேத்தமங்களாவுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே கடந்து போகிறது. கோட்டின் நீளம் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். விமானங்கள் தமக்கென வகுத்த வான்பாதைகளில் செல்வதால் இக்கோட்டை இம்மியும் பிசகாமல் பின்பற்றுவதில்லை. ஆயினும் இரு பெருநகரங்களுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய வழி நம் தங்கவயல் மக்களின் கூரைகளுக்கு மேலே கிடக்கிறது என்பது கணக்கு கூறும் உண்மை.

இந்த நேர்க்கோட்டை முதன்முதலாகத் துல்லியமாக அளந்தவர்கள் விமானத்தைக் கனவிலும் கண்டவர்களல்லர். 1802ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி, சென்னைக்கு அருகே பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில், நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்திற்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். அக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்று ஒன்றைக் கோணமானியால் நோக்கினால் ஒரு முக்கோணம் அமையும். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்துவிட்டால், மற்றப் பக்கங்களை நடந்து அளக்காமலே கணக்கிட்டு அறியலாம். இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு அளவையர் மேற்கு நோக்கி மலையேறினர். 1804ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோட்டைச் சங்கிலியாலேயே அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டனர். வேறுபாடு சில அங்குலங்களே. அளவை மேற்குக் கரையை எட்டியபோது, சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே நாட்டின் அகலம் 400 மைல் என்று அதுவரை எண்ணியிருந்தது தவறு, 360 மைலே என்பது தெளிவாயிற்று. சங்கிலி தொடங்கிய பரங்கிமலைக்கு அருகிலேயே மீனம்பாக்கம் விமான நிலையம் பிற்காலத்தில் எழுந்தது.

பெங்களூர் அடிக்கோட்டை அளந்தவர் ஜான் வாரன் என்பவர். நம் வரலாற்றில் இப்பெயருக்குத் தனி இடம் உண்டு. இவரே 1802இல், மைசூர் நாட்டின் கிழக்கெல்லையை அளந்துவந்தபோது, உரிகம், மாரிகுப்பம் பகுதி மண்ணில் பொன் கிடைப்பதைக் கேள்வியுற்று, ஊர்மக்கள் மண்ணை அலசிப் பொன்துகள் எடுப்பதை நேரில் கண்டு அரசுக்கு எழுதியவர். பின்னர்ச் சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பையும் ஏற்றார். தென்னிந்திய மக்கள் காலத்தைக் கணிக்கும் முறைகளைப்பற்றிக் ‘காலசங்கலிதம்’ என்னும் நூலை எழுதி 1825இல் சென்னையில் வெளியிட்டார். 1830இல் புதுச்சேரியில் மறைந்தார். தொலைவை அளந்தவரும், நம்மவர்களை அத்தொலைவுக்கு ஈர்த்த பொன்னை எழுதிவைத்தவரும், காலக்கணக்கை ஆராய்ந்தவரும் ஒருவரே.

தொலைவு அளக்கப்பட்டுவிட்டது, ஆனால் அதனைக் கடக்கும் நேரம் குறையவில்லை. அந்நாளில் சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே சென்ற வழிகளுள் ஒன்று பேத்தமங்களாவைத் தொட்டுச் சென்றது. மாட்டுவண்டி மணிக்கு இரண்டு மைல் அல்லது இரண்டரை மைல் நகரும். மாடு மேயவும் இளைப்பாறவும் வேண்டுமாதலால், நாளொன்றுக்குப் பதினைந்து மைல் என்பதே நல்ல வேகம். இருநூறு மைலுக்கு மேற்பட்ட வழிக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மழையில் ஆறு பெருகினால் அதற்கும் மேலாகும்.

இந்த இரண்டு வாரத்தின் பொருள் என்ன என்பதை வெளியூரில் பிழைப்பவரே உணர்வர். ஊரில் தாயோ தந்தையோ இறந்தால், அச்செய்தி காலால் நடந்து வரவேண்டும். அதைக் கேட்டவர் காலால் நடந்து திரும்பவேண்டும். இறுதி முகத்தைக் காண்பது இருக்கட்டும். பதினாறாம் நாள் கருமாதிக்குக் கூடப் போய்ச் சேர முடியாத தொலைவு அது. நமக்கு ஊர் எவ்வளவு தொலைவு என்னும் கேள்வியின் அடியில் எப்பொழுதும் இந்தக் கேள்வியே இருக்கிறது: செய்தி கேட்டபின் எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம்?

இருப்புப்பாதை வந்தது. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிவரை தென்னாட்டின் முதல் புகைவண்டி ஓடிற்று. 1864இல் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுவரை பாதை திறக்கப்பட்டது. ஆனால் புகைவண்டி நேர்க்கோட்டை விரும்புவதில்லை; மெல்லச் சாயும் மேட்டையே விரும்பும். ஆதலால் பாதை காட்பாடியிலிருந்து தென்மேற்கே வளைந்து, நமது நேர்க்கோட்டுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தெற்கே உள்ள சோலையார்பேட்டைக்குச் சென்று, அங்கிருந்து குப்பம் வழியாக மேட்டு நிலத்துக்கு ஏறிற்று. 270 கிலோமீட்டரில் அடங்கவேண்டிய வழி 362 கிலோமீட்டர் ஆயிற்று. தொலைவு கூடியது, நேரமோ நாட்களிலிருந்து மணிகளுக்குக் குறைந்தது. பேத்தமங்களாவுக்கு இதனால் நட்டமே. பாதை அவ்வூரைத் தொடவில்லை. மைசூர் ஆணையராயிருந்த பவரிங் என்பவரின் பெயரால் பவரிங்பேட்டை எனப்பட்ட ஊரே நிலையமாக வளர்ந்தது. இன்று நாம் பங்காருப்பேட்டை என்று அழைப்பது அவ்வூரைத்தான்.

1880இல் ஜான் டெய்லர் குழுமத்தார் சுரங்க வேலையை மேற்கொண்டபின் தங்கவயல் விரைந்து வளர்ந்தது. 1894இல் பவரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்திற்கு 16 கிலோமீட்டர் கிளைப்பாதை அமைந்தது. சுரங்கத்திற்கு வேண்டிய இயந்திரங்களை ஏற்றிவர இட்ட அப்பாதையே தமிழ்க் குடும்பங்களின் வழியாகவும் ஆயிற்று. மாரிகுப்பத்தில் வண்டி ஏறிப் பவரிங்பேட்டையில் மாறினால், சோலையார்பேட்டை ஏறத்தாழ 75 கிலோமீட்டரே. அதற்கப்பால் வாணியம்பாடியும் ஆம்பூரும். காலையில் தந்தி பெற்றவர் மறுநாள் பொழுது புலர்வதற்குள் தாயின் முகத்தைக் காணக்கூடிய காலம் முதன்முதலாக வாய்த்தது. செய்தித்தாளும் அவ்வழியே வந்தது. 1907இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய வார இதழுக்குத் தங்கவயலில் வாசகர் திரண்டதற்கு இப்பாதையும் துணை நின்றது.

புகைவண்டி மற்றொரு மாறுதலையும் கொண்டுவந்தது. அதுவரை ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூர்ச் சூரியனே கடிகாரம். சென்னையில் நண்பகல் ஆகும்போது தங்கவயலில் நண்பகலுக்கு எட்டு நிமிடமும், பெங்களூரில் ஏறக்குறைய பதினொரு நிமிடமும் இருக்கும். நடந்து செல்பவனுக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. ஆனால் ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிராக வரும் இரு வண்டிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரமே இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாக நெடுங்காலம் வழங்கிற்று. 1906ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்தியப் பொது நேரம் வந்தபின்னரே அது விலகியது. பயண நேரம் என்று நாம் எளிதாகச் சொல்வதற்கு, எல்லா ஊர்களும் முதலில் ஒரே கடிகாரத்துக்கு இணங்கவேண்டியிருந்தது.

சுரங்கத்திற்காக மனிதர் மட்டும் தொலைவைக் கடக்கவில்லை. 1902இல் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 92 மைல், அதாவது 147 கிலோமீட்டர், கம்பி வழியே தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டதோ 1905இல்தான். குடிநீர் பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய் வழியே மேடேறிற்று. பழைய பெருவழியில் தன் இடத்தை இழந்த பேத்தமங்களா, தங்கவயலின் தண்ணீர்த் துறையாகப் புதுவாழ்வு பெற்றது.

ஆகாய வழியின் கதை இதற்குப் பின்னர் வருகிறது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். முதலில் பறந்தவை கடிதங்களே. மனிதருக்கு இடம் பின்னரே கிடைத்தது. 1940இல் பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றிற்று. 1953இல் எட்டு விமானக் குழுமங்கள் ஒன்றாக்கப்பட்டு இந்தியன் ஏர்லைன்ஸ் அமைந்தபோது, அதன் விமானங்களில் பெரும்பாலானவை டகோட்டாக்கள். மணிக்கு ஏறக்குறைய 270 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டகோட்டாவுக்குச் சென்னை–பெங்களூர் வழி ஒருமணிப் பறத்தல். விமானத்தினுள் காற்றழுத்தத்தைப் பேணும் அமைப்பு அதில் இல்லாததால், பொதுவாகப் பத்தாயிரம் அடிக்கு உட்பட்ட உயரத்திலேயே பறக்கும். தங்கவயலின் சாம்பியன் சுரங்கமோ பத்தாயிரம் அடிக்கும் கீழே, 3 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழத்திற்கு இறங்கிற்று. தலைக்கு மேலே விமானம் பறந்த உயரத்தைவிட, நம் தொழிலாளர் காலுக்குக் கீழே இறங்கிய ஆழம் மிகுதி. மேலே சென்றவர் ஒருமணியில் சென்னையை அடைந்தார். கீழே சென்றவருக்கு அன்றைய முறைவேலை முடிந்து மேலே வந்தபின்னரே ஊர்ப்பயணத்தைப்பற்றி எண்ண முடியும்.

1964ஆம் ஆண்டு அக்டோபரில் பிருந்தாவன் விரைவு வண்டி சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஐந்து மணி நேர அளவில் ஓடத் தொடங்கிற்று. 2022 நவம்பரில் வந்த வந்தே பாரத் வண்டிக்கு ஏறக்குறைய நாலரை மணி. அறுபது ஆண்டுகளில் குறைந்தது அரைமணியே. விமானத்தின் நிலையும் இத்தகையதே. மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லவல்ல ஜெட் விமானம் இவ்வழியை இருபது நிமிடத்தில் கடக்கவேண்டும் என்று கணக்கு கூறும். ஆனால் குறுகிய வழியில் அது பாதித் தொலைவு ஏறுகிறது, மீதித் தொலைவு இறங்குகிறது. முழு வேகத்தில் செல்ல வாய்ப்பே குறைவு. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், இறங்க முறை காத்திருப்பதும் சேர்ந்தால், கால அட்டவணையில் ஒரு மணியே காணப்படுகிறது. டகோட்டா காலத்து ஒரு மணிக்கும் ஜெட் காலத்து ஒரு மணிக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பேத்தமங்களாவில் இருப்பவர் அந்த ஒரு மணியைப் பெறுவது எப்படி என்று பார்ப்போம். 2008 மே மாதத்தில் பெங்களூரின் பயணிகள் விமானப் போக்குவரத்து நகருக்கு வடக்கே தேவனஹள்ளிக்கு மாறியது. பேத்தமங்களாவிலிருந்து மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. விமானம் ஏறவேண்டுமானால், அவர் முதலில் நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டர், சாலையில் அதற்கும் மிகுதியான தொலைவு, மேற்கே போகவேண்டும். அங்கே ஒருமணிக்குமேல் காத்திருந்து, பின்னர்த் தாம் புறப்பட்ட ஊருக்கு அண்மையான வானத்தின் வழியே 268 கிலோமீட்டர் கிழக்கே பறக்கவேண்டும். 200 கிலோமீட்டர் கடக்க அவர் செல்வது 340 கிலோமீட்டர். ஆதலால் தங்கவயல் தமிழருக்கு விமானத்தின் ஒரு மணி பெரும்பாலும் பிறர் கணக்கு. அவருடைய கணக்கு பங்காருப்பேட்டைப் புகைவண்டியின் கணக்கே.

சிறு விமான நிலையங்களும் இக்குறையை ஓரளவே போக்கின. 1993இல் அமைந்த சேலம் விமான நிலையம் நெடுங்காலம் வெறிச்சோடியிருந்தது. சிற்றூர்களை வானவழியால் இணைக்கும் உடான் திட்டத்தின்கீழ் 2018இல் சென்னைச் சேவையும், 2023 அக்டோபரில் பெங்களூர்ச் சேவையும் அங்கே தொடங்கப்பட்டன. சேலத்துக்கும் தேவனஹள்ளிக்கும் நேர்த்தொலைவு 160 கிலோமீட்டர். அதற்கும் கால அட்டவணை ஏறக்குறைய ஒரு மணி நேரமே ஒதுக்குகிறது. வழி குறைந்ததற்கு ஏற்ப நேரம் குறையவில்லை.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்தில் வண்டி ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் நிலை வந்தது. பாட்டனார் ஒருமுறை கடந்துவந்து நிலைத்த தொலைவைப்போன்ற ஒன்றைப் பேரன் நாள்தோறும் இருமுறை கடக்கிறான். வண்டி விரைவானதால் வாழ்வில் பயணம் குறைந்துவிடவில்லை. நாளில் பெரும்பங்கைப் பயணமே எடுத்துக்கொண்டது.

வரலாறு சில வேளைகளில் பழைய வழிக்கே திரும்புவதும் உண்டு. பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளத்தில் விரைவுச்சாலை ஒன்றிற்கு 2022இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் கருநாடகப் பகுதி ஒசகோட்டையிலிருந்து 71 கிலோமீட்டர் வந்து பேத்தமங்களாவை அடைகிறது. அப்பகுதி 2024 டிசம்பரில் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. லாம்ப்டனின் முக்கோணங்கள் காட்டிய நேர்வழியை ஒட்டியே இச்சாலையும் செல்கிறது. புகைவண்டி ஒதுக்கிவிட்டுப் போன ஊருக்கு, நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பெருவழி மீண்டும் வந்திருக்கிறது.

இவற்றிலிருந்து நாம் அறிவது ஒன்று உண்டு. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவு எல்லோருக்கும் ஒன்றே. நேரமோ, அவரவர் ஏறமுடிந்த வண்டியைப் பொறுத்தது. 268 கிலோமீட்டர் வானொலியின் அலைக்கு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. விமானத்துக்கு ஒரு மணி. புகைவண்டிக்கு நாலரை மணி. மாட்டுவண்டிக்கு இரண்டு வாரம். புதிய வண்டி எதுவாயினும், அது எங்கே நிற்கிறது, யாரை ஏற்றிக்கொள்கிறது என்று கேட்டே அதன் வேகத்தை மதிப்பிடவேண்டும்.

நம் வீடுகளில் முதியோர் இன்னும் இருக்கின்றனர். அவர்களுடைய பெற்றோர் எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, எத்தனை நாளில் வந்து சேர்ந்தனர் என்பதைக் கேட்டு எழுதிவைப்போம். எந்த நிலையத்தில் இறங்கினார்கள், எங்கே வண்டி மாறினார்கள், வழியில் என்ன உண்டார்கள் என்னும் செய்திகளெல்லாம் எந்தக் கால அட்டவணையிலும் இல்லை. அவை நம்மிடமே இருக்கின்றன; நாம் எழுதாவிட்டால் நம்மோடு மறைந்துவிடும். நாளை நம் பிள்ளைகளிடம் யாரேனும் “உங்கள் ஊர் எவ்வளவு தொலைவு?” என்று கேட்கும்போது, மைலோடும் மணியோடும் அந்தக் கதையையும் அவர்கள் சொல்லட்டும்.